போருக்குப் பிந்திய நலச் சீர்திருத்தங்களும் மலையகத் தோட்டத் தொழிலாளரும்

கெஹெல்கமு ஓயா தேயிலை மலைகளினூடாக இறங்கிவரும் வழியில், நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் அதன் குறுக்கே அணையொன்று கட்டப்பட்டுள்ளது. இவ்வணையிலிருந்து கொண்டுசெல்லப்படும் நீரே பழைய லக்சபான மின்நிலையத்தை இயக்குகின்றது. மலைநாட்டு ஆறுகளின் நீர்வலுவைக் கொண்டு நாடு முழுமைக்கும் மின்சாரம் வழங்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். 1920களில் தொடங்கப்பட்ட வேலைகள் இடையிலே கைவிடப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே திட்டம் நிறைவு பெற்றது. 1950 ஆம் ஆண்டில் 25 மெகாவாற் கொள்ளளவுடன் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

சுதந்திர இலங்கையின் புதுவாழ்வுக்கு அடையாளமாக இந்நிலையம் அன்று கருதப்பட்டமை இயல்பே. ஆயின், அணையைச் சூழவுள்ள தோட்டங்களின் லயன்களில் அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. மின்கம்பிகள் தேயிலை மலைகளைக் கடந்து கொழும்பு நோக்கிச் சென்றன. மலையகத்தின் பல லயன்களுக்கு மின்சாரம் வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தன.

இதனை ஒரு முரண்காட்சியாகக் கண்டு இரங்கி அமைதல் எளிது. ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா வேறு. போரின் பின்னர் இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட சமூகநலச் சீர்திருத்தங்கள் மூன்றாம் உலக நாடுகளுக்கு முன்மாதிரி என்று பலராலும் பாராட்டப்பட்டவை. அச்சீர்திருத்தங்கள் தோட்டத் தொழிலாளரிடம் எந்த வழியால், எவ்வளவு தூரம் சென்றடைந்தன? எவ்விடத்தில் நின்றன? நின்றமைக்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போரும் பொதுநலமும்

பெரும் போர்களின் பின்னர் அரசுகள் சமூகநலத்தில் அக்கறை காட்டுவது தற்செயலானதன்று. முழு யுத்தமொன்றை நடத்தும் அரசுக்கு மக்கள் அனைவரின் உடலும் உழைப்பும் தேவைப்படுகின்றன. மக்களிடம் தியாகத்தைக் கேட்கும் அரசு, போர் முடிந்த பின் எத்தகைய வாழ்வைத் தரப்போகின்றது என்பதையும் சொல்ல வேண்டியதாகின்றது. பிரித்தானியாவில் 1942 டிசம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை இத்தகைய வாக்குறுதியே. வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை என்னும் ஐந்தையும் ஐந்து அரக்கர்களாக உருவகித்த அவ்வறிக்கை, அவற்றை வீழ்த்துவது அரசின் கடமையென வலியுறுத்திற்று. 1945 யூலைத் தேர்தலில் வென்ற தொழிற்கட்சி அரசாங்கம் 1946 இல் தேசிய காப்புறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. 1948 யூலை 5 ஆந் திகதி தேசிய சுகாதார சேவை நடைமுறைக்கு வந்தது.

இச்சீர்திருத்தங்களின் உட்பொருள் அவை வழங்கிய பணத்தின் அளவில் இல்லை. முன்னைய வறியோர் சட்டத்தின் கீழ் உதவி பெற்றவன் இரப்பவனாகக் கருதப்பட்டான். புதிய ஒழுங்கிலோ உதவி பெறுபவன் உரிமையாளன். ஈகை உரிமையாக மாறியமையே இங்கு நிகழ்ந்த அடிப்படை மாற்றம் எனலாம்.

இப்போரில் மலையகத் தொழிலாளருக்கும் பங்கிருந்தது. 1940 யூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு விதிக்கப்பட்டது. ஆளொருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்சு என்பது தொடக்க அளவு. 1952 வரையும் அப்பங்கீடு நீடித்தது. பிரித்தானிய உணவு அமைச்சு இலங்கைத் தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்தது. 1942 இல் யாவாவும் சுமாத்திராவும் யப்பானியர் வசமான பின்னர், நேச நாடுகளுக்குத் தேயிலை வழங்கும் பொறுப்புப் பெரும்பாலும் இந்தியாவையும் இலங்கையையுமே சார்ந்தது. மலாயாவின் வீழ்ச்சியோடு இறப்பருக்கும் அதே நிலை ஏற்பட்டது. கொழுந்து பறித்த பெண்ணும் பால் வெட்டிய ஆணும் போர்முயற்சியின் ஓர் அங்கமாயினர். ஆயினும், போர் முடிந்தபின் வழங்கப்படும் வாழ்வு பற்றிய வாக்குறுதி எதுவும் அவர்களை நோக்கிச் சொல்லப்படவில்லை. போர்க்காலத் தொடக்கத்தில் அவர்கள் கண்டது வேறு. 1940 சனவரி 10 ஆந் திகதி, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்.

இலங்கையின் நலச் சட்டங்கள்

இலங்கையின் சமூகநலச் சீர்திருத்தங்கள் பிரித்தானியாவைப் பார்த்து எழுதிய நகல்கள் அல்ல. அவற்றுக்கு இரு உள்நாட்டு ஊற்றுக்கள் இருந்தன. 1931 இல் டொனமூர் அரசியலமைப்பு வழங்கிய சர்வசன வாக்குரிமை ஒன்று. 1934-35 இல் பல்லாயிரவரின் உயிரைக் குடித்த மலேரியாப் பெருவாரி மற்றொன்று. பட்டினியும் நோயும் ஒன்றையொன்று வளர்ப்பதை அப்பெருவாரி ஐயத்துக்கிடமின்றி உணர்த்திற்று. வாக்கைப் பெற்ற கிராமத்தவனின் பசியை வாக்குக் கேட்டுச் செல்லும் அரசியல்வாதி புறக்கணிக்க முடியாதவனானான்.

1939 இல் வறியோர் சட்டமும் பிரசவ நன்மைக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. 1941 இன் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் முத்தரப்புச் சபைகளை ஏற்படுத்திற்று. 1942 இல் பர்மா வீழ்ச்சியுற்று அரிசி வரவு தடைப்படவே, பங்கீட்டு முறை கொண்டுவரப்பட்டது. கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான கல்வி விசேட குழு 1943 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945 ஒக்டோபர் 1 ஆந் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமை வகித்த சமூகசேவை ஆணைக்குழுவின் அறிக்கை 1947 இல் வெளிவந்தது. 1948 இல் சமூகசேவைத் திணைக்களம் நிறுவப்பட்டது.

இவற்றின் பயன் சிறிதன்று. டி.டி.ரி. தெளிப்பினால் மலேரியா கட்டுப்படுத்தப்பட்டமையும், உணவு, மருத்துவ வசதிகள் விரிந்தமையும் சேர்ந்து, 1946 இல் ஆயிரத்துக்கு 20.2 ஆக இருந்த இறப்பு வீதத்தை 1947 இல் 14.3 ஆகக் குறைத்தன. குழந்தை இறப்பு வீதம் அதே ஓராண்டில் 141 இலிருந்து 101 ஆக வீழ்ந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சியைக் கண்ட நாடுகள் அரிது.

இச்செலவுகளுக்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோக்குதல் வேண்டும். அக்காலத்து ஏற்றுமதி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றினாலும் கிடைத்தது. அரசாங்க வருவாயிலும் ஏற்றுமதித் தீர்வை முக்கிய இடம் பெற்றது. எனவே, இலவசக் கல்விக்கும் மலிவு அரிசிக்கும் அடித்தளமிட்டவர்களுள் தோட்டத் தொழிலாளரும் அடங்குவர். 1946 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி நாட்டின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 66 இலட்சத்து 57 ஆயிரம். அவர்களுள் இந்தியத் தமிழராகக் கணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பன்னிருவர் என்று கொள்ளலாம்.

நலன் வந்த மூன்று வழிகள்

இலங்கையின் நலச் சீர்திருத்தங்களை அவை யாருக்கு, எவ்வடிப்படையில் வழங்கப்பட்டன என்று நோக்கின், மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை வசிப்பிட அடிப்படையிலானது. நாட்டில் வாழ்பவர் என்ற ஒரே காரணத்தால் கிடைப்பது இது. கூப்பன் அரிசி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பங்கீட்டுப் புத்தகத்தில் பெயருள்ள எவருக்கும் பங்கீடு உண்டு. அவர் பிரசையா, வாக்காளரா என்ற வினா அங்கு எழவில்லை.

இரண்டாவது வகை தொழில் அடிப்படையிலானது. தொழிலாளி என்ற வகையில் கிடைப்பது. சம்பளச் சபைக் கூலி, பிரசவ நன்மை, பிற்காலத்தில் 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி ஆகியன இதன்பாற்படும். இவற்றைப் பெறச் செக்றோலில் பெயர் இருத்தல் போதும்.

மூன்றாவது வகை பிரசை அடிப்படையிலானது. அரச காணி, கிராம விஸ்தரிப்பு, குடியேற்றத் திட்டம், அரச உத்தியோகம், உள்ளூராட்சிச் சபைகளின் பாதை, குடிநீர், நூலகம் போன்ற வசதிகள் இதில் அடங்கும். 1935 இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழும், 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் கீழும் நிலமற்ற பல்லாயிரம் விவசாயக் குடும்பங்கள் நிலம் பெற்றன. நாட்டின் மிகப் பெரிய நிலமற்ற வகுப்பினரான தோட்டத் தொழிலாளருக்கு அப்பங்கீட்டில் இடமிருக்கவில்லை.

இப்பாகுபாட்டை மனத்திற் கொண்டால், தோட்டத் தொழிலாளர் நலத்திட்டங்களிலிருந்து முற்றாக ஒதுக்கப்பட்டனர் என்று கூறுவதும், அவர்கள் ஏனையோரைப் போலவே பயன் பெற்றனர் என்று கூறுவதும் ஒருங்கே பிழையாதல் தெளிவு. முதலிரு வகையாலும் அவர்கள் பயன் பெற்றனர். மூன்றாவது வகையே அவர்களுக்கு மறுக்கப்பட்டது. முதலிரு வகைகளும் உழைப்பாளியை உயிரோடும் உழைக்கும் வலுவோடும் வைத்திருப்பவை. மூன்றாவது வகையே மனிதனை அவன் பிறந்த நிலையிலிருந்து உயர்த்துவது. உயிரைக் காக்கும் நலன் கிடைத்தது, உயர்வைத் தரும் நலன் கிடைக்கவில்லை என்பதே மலையக அனுபவத்தின் சாரம்.

பள்ளியும் மருந்தும் லயனும்

இவ்வுண்மையை அன்றாட வாழ்வின் மூன்று துறைகளிற் காணலாம்.

கல்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1945 இன் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. தோட்டப் பாடசாலைகளில் நீக்குவதற்குக் கட்டணம் என்று எதுவும் பெரிதாக இருக்கவில்லை. அங்கு இல்லாதிருந்தது பாடசாலை என்று சொல்லத்தக்க பாடசாலையே. பெரும்பாலான தோட்டங்களில் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு. கன்னங்கராச் சீர்திருத்தத்தின் தலைசிறந்த கூறு, கிராமத்து ஏழை மாணவரை ஐந்தாம் வகுப்பிற் பரீட்சையின் மூலம் தெரிந்து, உபகாரச் சம்பளம் வழங்கி, மத்திய மகா வித்தியாலயத்துக்கு அனுப்பியமை ஆகும். ஐம்பதுக்கு மேற்பட்ட அத்தகைய வித்தியாலயங்கள் அமைக்கப்பட்டன. அவை கிராமப்புறச் சிறுவரை எண்ணி எழுந்தவை. தோட்டத்துச் சிறுவரை எண்ணி எழுந்தவை அல்ல. கிராமத்துப் பிள்ளைக்கு எவ்விடத்தில் ஏணி தொடங்கிற்றோ அவ்விடத்திலேயே தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு முடிந்தது. 1947 இன் கல்வித் திருத்தச் சட்டம் தோட்டப் பாடசாலைகளைப் பொதுமுறைக்குள் கொண்டுவர முனைந்ததாயினும், நடைமுறையிற் பெரிய மாற்றம் விளையவில்லை. 1960 இல் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1977 முதற்கொண்டே அவை கட்டங்கட்டமாக அரசுடைமையாயின. இலவசக் கல்விக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 32 ஆண்டுகள். தோட்டத்திற் பிறந்த ஒரு முழுத் தலைமுறை இவ்விடைவெளியிற் கழிந்தது.

மருத்துவத்தின் நிலை சற்று வேறானது. நோயுற்ற தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வது தோட்ட நிருவாகத்தின் கடமையென 1872 முதலே மருத்துவத் தேவைச் சட்டங்கள் விதித்திருந்தன. 1916 இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை இலங்கைத் தோட்டங்களிலேயே தொடங்கினர். ஆகவே, தோட்டத்தில் மருந்துச்சாலை என்பது கிராமத்துக்கு அரசு வைத்தியசாலை வருமுன்னரே வந்துவிட்ட ஒன்று. ஆயின் அது நின்ற இடத்திலேயே நின்றது. அரசின் இலவச மருத்துவம் கிராமங்களில் ஆண்டுதோறும் விரிந்தபோது, தோட்டத்து நோயாளி நிருவாகத்தின் மருந்துக்காரரையே நம்பியிருந்தார். அவரே நோய்ச் சான்று தருபவர். வேலைக்குப் போகத் தகுதியுண்டா என்று தீர்ப்பவரும் அவரே. மருத்துவமும் வேலை வாங்குதலும் ஒரே கையில் இருந்தன. மேலும், 1947 இன் புகழ்பெற்ற இறப்பு வீழ்ச்சிக்கு முக்கிய காரணமான மலேரியாக் கட்டுப்பாடு, அந்நோய் அரிதாகவே காணப்பட்ட உயர்ந்த மலைப்பகுதிகளுக்கு நேரடிப் பயன் தரத்தக்கதன்று. அங்கு உயிர்களைக் காவு கொண்டவை சோகையும் குடற்புழுவும் வயிற்றோட்டமும் குளிர்கால நெஞ்சுநோய்களும் ஆகும். அவற்றைத் தீர்ப்பதற்கு மருந்துத் தெளிப்புப் போதாது. நல்ல நீர், மலகூடம், காற்றோட்டமுள்ள வீடு, போதிய உணவு ஆகியன வேண்டும்.

இது நம்மை மூன்றாவது துறையான வீட்டுக்கு இட்டுச் செல்கின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பரா. அதிற் குடும்பம் முழுவதும் வாழும். அக்காம்பரா தொழிலாளியின் சொத்தன்று. வேலையோடு வந்தது வேலையோடு போகும். இங்கு நலனின் இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாடு மிகத் துலக்கமாகின்றது. கிராமத்தவனுக்கு வேலை போனால் வீடு மிஞ்சும். தோட்டத்தவனுக்கு வேலை போனால் வீடு, மருந்து, பிள்ளைக் காம்பரா, பள்ளி யாவும் ஒரே நாளிற் போகும். நலன் முழுவதும் ஒரே முளையில் தொங்கவிடப்பட்டிருந்தது. அந்த முளையின் பெயர் செக்றோல்.

1948: ஒரே ஆண்டு, இரு சட்டங்கள்

இந்நிலை காலப்போக்கில் தானே மாறியிருக்கக்கூடும். ஏனெனில், வாக்குரிமை இலங்கையில் நலனை விரிவாக்கும் பொறியாக இயங்கியது. 1947 பொதுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரும் அந்தப் பொறியைத் தம் கையிற் பெற்றிருந்தனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா முதலியோர் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் பாராளுமன்றம் சென்றனர். தோட்டத் தொகுதிகள் பிறவற்றில் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது.

அடுத்த ஆண்டே 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. தந்தை இலங்கையிற் பிறந்தவர், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவர்கள் என்று காட்டக்கூடியவர்களே வம்சாவழிப் பிரசைகள் ஆயினர். பிறப்புப் பதிவுகள் ஒழுங்குற இல்லாத காலத்துக்குச் சான்று காட்டுமாறு கேட்கப்பட்டால், நாட்டில் எத்தனை பேராற் காட்டியிருக்க முடியும்? ஆயினும், அக்கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வசிப்போர் சட்டம் மணமானோருக்கு 7 ஆண்டும் மணமாகாதோருக்கு 10 ஆண்டும் தொடர்ந்த வசிப்பை வேண்டிற்று. அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதாரின் வாக்கை நீக்கியது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஈற்றில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. முதற் சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரசின் ஒரு பகுதியினர் பின்னர் அரசாங்கத்தோடு இணைந்தமையும், அதனை ஏற்காது பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தமையும் யாவரும் அறிந்தனவே.

சமூகசேவைத் திணைக்களம் தோன்றியதும் 1948 இலேயே. பிரித்தானியாவில் மருத்துவம் ஒவ்வொரு குடிமகனின் உரிமையாக்கப்பட்டதும் 1948 இலேயே. நலவாழ்வு குடியுரிமையின் பயன் என்னும் கொள்கை உலகில் உறுதிப்பட்ட ஆண்டில், அப்பயனைப் பெறுதற்குரிய குடியுரிமை இலங்கையில் ஒரு தொழிலாளர் சமூகத்திடமிருந்து பறிக்கப்பட்டது.

வாக்கின் வலு யாது என்பதைப் பின்வந்த ஈராண்டுகளின் இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. வாக்குரிமை இழந்த மலையக மக்களின் சார்பில் 1952 ஏப்ரலிற் கொழும்பிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. மாதக்கணக்காக நீடித்த அவ்வறப்போருக்கு அரசாங்கம் இணங்கவில்லை. 1953 இல் கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டு 12 ஆந் திகதி நடந்த ஹர்த்தால் ஆட்சியை உலுக்கிற்று. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். விலையும் பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டது. இரு போராட்டங்களிலும் பங்குகொண்டோர் ஏழைகளே. ஒரு சாராரிடம் அடுத்த தேர்தலுக்குரிய வாக்கு இருந்தது. மற்றச் சாராரிடம் அது இல்லை.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். தோட்டத்தில் இலவச வீடு, மருந்து, பிள்ளைக் காம்பரா, ஆண்டு முழுவதும் வேலை ஆகியன இருந்தனவே. நிலமற்ற கிராமக் கூலியாளுக்கு அவையும் இல்லையே. ஆகவே, தோட்டத் தொழிலாளர் நலம் குன்றியவர் என்பது எவ்வாறு பொருந்தும் என்பதே அம்மறுப்பு.

இதில் உண்மை இல்லாமலில்லை. 1940களில் வறண்ட பிரதேசத்துக் கிராமங்கள் சில அனுபவித்த துன்பம் தோட்டத்தின் துன்பத்தினும் கொடிது. ஆனால் இரு நிலைகளையும் ஒரு கணப்பொழுதில் வைத்து ஒப்பிடுவது போதாது. எத்திசையில் அவை நகர்ந்தன என்று காண வேண்டும். கிராமத்துக்குப் பாடசாலை வந்தது, பாதை வந்தது, வைத்தியசாலை வந்தது, காணி வந்தது. தோட்டத்துக்கு முன்னரே இருந்தவை பழையனவாகி நைந்தன. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் முன்னே நின்று தொடங்கினார் என்பது, அவர் கால்கள் கட்டப்பட்டிருந்தன என்பதை மறுக்காது.

1973-74 இன் உணவு நெருக்கடி இதற்கு உரைகல்லாயிற்று. பங்கீடு குறைக்கப்பட்டு, கோதுமை மாவும் அரிதாகியபோது, கிராமத்தவன் வீட்டுப்புறத்து மரவள்ளியையும் பலாவையும் கொண்டு ஓரளவு தாக்குப்பிடித்தான். தோட்டத்தவனுக்குப் பயிரிடச் சொந்த நிலம் இல்லை. அவ்வாண்டுகளில் தோட்டத்துறையின் இறப்பு வீதம் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிக உயர்ந்தது. வசிப்பிட அடிப்படையிலான நலன் சுருங்கிய வேளையில், காணியென்னும் மூன்றாம் வகை நலன் மறுக்கப்பட்டதன் முழுப் பொருளும் உயிரிழப்பாக வெளிப்பட்டது.

பின்வந்த மாற்றங்கள்

1964 ஒக்டோபர் 30 ஆந் திகதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆயினும், நிலம் அங்கு உழைத்தவருக்குப் பகிரப்படவில்லை. கம்பனித் துரைக்குப் பதிலாக அரச கூட்டுத்தாபனத் துரை வந்தார். 1984 இல் ஆண், பெண் இருபாலாருக்கும் சமகூலி கிடைத்தது. 1980களில் சுவீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைகள் சில புத்துயிர் பெற்றன. 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலைக்கு ஈற்றில் முடிவு கட்டின. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 2015 இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் தொடங்கிற்று.

இவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சுட்டிக்காட்டுதல் வேண்டும். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்ட லயன்களில் வாழ்ந்த தொழிலாளர் உள்ளூர் வாக்கிலிருந்து விலக்கப்பட்டனர். அச்சிந்தனையின் தொடர்ச்சி 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலும் காணப்பட்டது. தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை தன் நிதியைத் தடையின்றிச் செலவிட அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு இடந்தரவில்லை. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. பிரசாவுரிமை பெற்று, வாக்களித்து, தம் பிரதிநிதிகளைச் சபைக்கு அனுப்பிய பின்னரும், அச்சபை தங்கள் லயனுக்குச் செல்லும் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்டுவதற்குச் சட்டம் தடையாக இருந்தது. உரிமை தாளில் வந்த பின்னும், தோட்டம் ஒரு தனி நாடு என்னும் எண்ணம் நிருவாகத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவது யாதெனில், போருக்குப் பிந்திய இலங்கையின் நலச் சீர்திருத்தங்களை மதிப்பிடுகையில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதோடு, எந்தத் தகுதியில் கொடுக்கப்பட்டது என்பதையும் கேட்டல் வேண்டும் என்பதாகும். ஒரே அரிசி, ஒரே மருந்து, ஒரே எழுத்து என்பன ஒருவருக்குப் பிரசையின் உரிமையாகவும், மற்றவருக்கு வேலையாளின் பராமரிப்பாகவும் வந்தன. பராமரிப்பாக வந்தது பராமரிப்பவரின் தேவையோடு கூடும், குறையும். உரிமையாக வந்ததைக் குறைக்க முனைந்தால் 1953 இன் ஹர்த்தால் நிகழும்.

தேசிய வருமானத்துக்கு ஒருவர் தரும் பங்கு அவருக்குரிய நலனைத் தானாகவே பெற்றுத் தரும் என்னும் நம்பிக்கையை மலையக வரலாறு மறுக்கின்றது. ஏற்றுமதியின் பெரும்பகுதியை ஈட்டித் தந்தவர்களே ஏணியின் முதற்படிக்கு 32 ஆண்டுகள் காத்திருந்தனர். உழைப்பு, வாக்கு, நிலைத்த வதிவிடம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தபோதுதான் நலன் உரிமையாகின்றது. உழைப்பு மட்டும் இருந்த காலம் 1948 க்குப் பின் நெடிது நீண்டது. வாக்கு 2003 உடன் முழுமையாக மீண்டது. சொந்த நிலமும் சொந்த வீடுமாகிய மூன்றாவதை இன்னும் பெரும்பாலோர் அடையவில்லை.

நோட்டன் பிரிட்ஜ் அணையின் நீர் முதன்முதலாக மின்சாரமாகி ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாகின்றது. அவ்வொளி அணையின் அருகிலுள்ள லயன்களை அடைய இத்துணைக் காலம் ஏன் சென்றது என்பதற்கு மலையின் உயரமோ கம்பியின் நீளமோ காரணமன்று. 1948 இல் எழுதப்பட்ட சட்டத்திலும், அதற்கு முன்னரே வகுக்கப்பட்ட தோட்ட எல்லையிலும் அதற்குரிய காரணம் உள்ளது. நலச் சீர்திருத்தம் பற்றி இனிமேல் எழுதப்படும் வரலாறுகள் அவ்வெல்லைக்கு உள்ளிருந்தும் எழுதப்படுதல் வேண்டும்.